சஹனில் வைக்காத போத்தல்

என் தங்கை மஹ்மூதாவைப் பிடிவாதக்காரி என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. "உசாரான மனிசி" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. கூடப் பிறந்தவனுக்கு அந்த மரியாதை தேவையில்லை. அவள் பிடிவாதக்காரிதான்.

பாலாவியிலிருந்து கல்பிட்டிக்குப் போகும் பாதையில், மன்னாரிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் குடியிருக்கும் ஒழுங்கையில் அவள் வீடு இருக்கிறது. பக்கத்து வளவில் என் சில்லறைக் கடை. புருசன் மௌத்தான பிறகு மஹ்மூதா மாம்புரித் தோட்டங்களுக்கு மிளகாய் பிடுங்கப் போனாள். கொஞ்சக் காலத்தில் அதே மிளகாயை வாங்கி வந்து காயவைத்து, வறுத்து, இடித்து விற்கத் தொடங்கினாள். அவளுடைய கறித்தூளுக்கு முந்தலிலிருந்துகூட ஆள் வரும். அந்தத் தூளில்தான் ஒரே மகள் முஃப்லிஹாவை வளர்த்துப் படிக்கவைத்தாள்.

காஸாவில் குண்டு விழத் தொடங்கிய வருடம், எந்தெந்தக் கம்பனிச் சாமான்களை வாங்கக்கூடாது என்ற படம் எங்கள் பக்கம் எல்லாருடைய போனுக்கும் வந்தது. முதல் கிழமை ஒழுங்கை முழுக்க வீரர்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் பழைய பற்பசையின் ருசி ஞாபகம் வந்தது. கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து வந்து, காதோடு கேட்டு வாங்கிப் போனார்கள். நானும் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தேன். கடைக்காரன் வேறு என்ன செய்வான்?

மஹ்மூதா அப்படி வரவில்லை. பட்டப்பகலில் வந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கி, பக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"இது ஆர்ர கம்பனி நானா?" அண்ணனை நாங்கள் நானா என்போம்.

"சவர்க்காரக் கம்பனி."

"சவர்க்காரமெண்டு எனக்கும் தெரியும். ஆர்ர?"

எனக்கு எரிச்சல் வரும். பின்னால் நாலு பேர் நிற்பார்கள். அவள் அசையமாட்டாள். கடைசியில் சிலாபத்தில் யாரோ வார்க்கிற நீலச் சவர்க்காரத்தைத் தேடிப் பிடித்தாள். பல்லுக்கு உமிக்கரியும் உப்பும். பிள்ளைகள் பாலில் கரைத்துக் குடிக்கிற மா டின் வீட்டிலிருந்து போனது, நூடில்ஸ் போனது. முஃப்லிஹா என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னாள்: "பெரிய மாமா, என்ட தலமயிரத் தொட்டுப் பாருங்க. தும்பு மாதிரி இரிக்கி. உம்மாக்கு நீங்களாச்சும் சொல்லுங்க."

சொல்லத்தான் போனேன். முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "உன்ட ஒரு சவர்க்காரத்தால அங்க குண்டு நிக்கப் போகுதா?" என்று சத்தம் போட்டேன்.

அவள் நிமிரவில்லை. "நிக்காது," என்றாள். "போன்ல ஒரு படம் வந்திச்சி நானா. ஒரு மனிசன் பிள்ளையத் தோள்ள வச்சி, கையில ஒரு பையோட நடந்து போறார். நான் நம்மட வாப்பாவெண்டு நினைச்சிட்டன்."

தொண்ணூறாம் ஆண்டு, ஆயுதம் ஏந்திய இயக்கம் முஸ்லிம்களை எல்லாம் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது எனக்குப் பதினாறு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. வள்ளத்தில் ஏறிக் கல்பிட்டிக் கரையில் இறங்கினோம். வாப்பாவின் கையில் ஒரு பைதான் இருந்தது. தம்பியைத் தோளில் வைத்திருந்தார்.

"அண்டைக்கு எங்களுக்காக இந்த உலகத்தில ஆராவது ஒரு கோப்பை பிளேன்டீய வேணாமெண்டு வச்சாங்களா? ஒருத்தரும் வைக்கல்ல. எல்லாரும் குடிச்சிட்டு, பாவமெண்டு சொல்லிட்டுப் போனாங்க. அந்தக் கோவம் எனக்கி இன்னும் அடங்கல்ல நானா. எங்கயோ இருக்கிற ஒருத்திக்கு என்னில அந்தக் கோவம் வரக்கூடாது."

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் முஃப்லிஹாவுக்குக் கலியாணம் பேசி வந்தது. எங்கள் பக்கம் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியிருக்க வருவான். மாப்பிள்ளை அம்ஜத், புத்தளம் டவுன் பொடியன். வாப்பா இல்லாதவன். அவன் பக்கம் எல்லாம் தாய்மாமன் செய்னுலாப்தீன் ஹாஜியார்தான். ஹாஜியாருக்கு டவுனில் பெரிய மொத்தக் கடை. போத்தல் சோடா முழுப் பகுதிக்கும் அவர் கையால்தான் போகும். எந்தச் சோடா என்று கேட்கவேண்டாம். எந்தக் கலியாணத்திலும் சஹனுக்குப் பக்கத்தில் நிற்குமே, போனில் வந்த படத்திலும் இருந்ததே, அந்தக் கறுப்புச் சோடாதான்.

எங்கள் விருந்து தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். பாய் விரித்து, பெரிய தட்டு நிறையச் சோறும் இறைச்சியும் வைத்து, அதைச் சுற்றி ஆறு பேர் குந்தி ஒரே தட்டில் சாப்பிடுவோம். அந்தத் தட்டுத்தான் சஹன். ஒவ்வொரு சஹனுக்கும் ஒரு பெரிய போத்தல் சோடா. அது எங்கள் மார்க்கத்தில் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் கலியாண வீட்டார் கஞ்சர்கள் என்று கதை வந்துவிடும்.

நாள் குறிக்க வந்த ஹாஜியார் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "சோடாவப் பத்தி யோசிக்க வேணாம். லொறியில நான் அனுப்புறன். ஒரு சதம் வேணாம்."

ஓசியில் வருவதை யார் விடுவார்? நான் தலையாட்ட வாயெடுத்தேன். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து மஹ்மூதாவின் குரல் வந்தது.

"ஹாஜியார் குறை நினைக்கப்படாது. எங்கட சஹனுக்குத் தேசிக்காய் பிழிஞ்ச தண்ணி ஈக்கும். அந்தப் போத்தல் வேணாம்."

ஹாஜியாரின் முகம் மாறிவிட்டது. அவருக்கும் காரணம் இருந்தது. ஒரு வருடமாக அவருடைய சோடாப் பெட்டிகள் ஸ்டோரில் அடுக்கியபடி தூசி பிடித்துக் கிடந்தன. இப்போது சொந்த மருமகனின் கலியாணத்திலேயே அவருடைய போத்தல் இல்லையென்றால் டவுனில் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"நம்மட நாட்டுல அடைக்கிற சோடா அது. நம்மட பொடியன்மாருக்குத்தான் அதுல தொழில்," என்றார்.

"அந்தப் பொடியன்மாரோட எனக்கி ஒரு சண்டையும் இல்ல. நான் வாங்கல்ல, அவ்வளவுதான்."

"சும்மாதானே தாறன்!"

"சும்மா தந்தாலும் சஹன் எங்கடதானே ஹாஜியார்."

அவர் எழும்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "உங்கட தங்கச்சிக்குச் செல்லி வைங்க. அண்டைக்குப் போத்தல் இல்லாட்டி எங்கட ஆக்கள் சஹன்ல கை வைக்க மாட்டாங்க. மாப்பிள்ளையும் எங்களோட எழும்பி வருவான்."

இது சின்ன விசயமில்லை. பள்ளிவாசலில் நிக்காஹ் எழுதியிருந்தாலும், மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் எழும்பிப் போனால், பெண்ணை முதல் நாளே வேண்டாமென்று விட்டுப்போன மாதிரித்தான் எங்கள் பக்கம் பேசுவார்கள். அந்தப் பேச்சு அவளை ஆயுசு முழுக்க விடாது. நான் மஹ்மூதாவைக் கெஞ்சினேன். முஃப்லிஹா கெஞ்சவில்லை, கத்தினாள்.

"என்ட கலியாணத்த விட உங்களுக்குச் சோடாவா பெருசு உம்மா?"

மஹ்மூதா கொத்தமல்லி வறுத்துக்கொண்டிருந்தாள். அழுதாளா, புகை கண்ணில் பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கருத்தை மாற்றவில்லை. மகளும் தாயும் கலியாணம் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

விருந்துக்குத் தேவையான ஒவ்வொரு சாமானையும் அவள் தானே தெரிந்து எடுத்தாள். நெய், அரிசி, பட்டை, ஏலம் எல்லாம். தூளை அவளே இடித்தாள். சமையலுக்கு டவுனிலிருந்து உசனாரைப் பிடித்தோம். கைராசிக்காரர். அவருடைய நெய்ச்சோற்றுக்கும் கோழிக்கறிக்கும் கொழும்பிலிருந்துகூட அழைப்பு வருமாம்.

கலியாணத்தன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பாயில் குந்தினார்கள். கேற்றுக்கு வெளியே ஹாஜியாரின் லொறி, போத்தல் பெட்டிகளோடு நின்றது. சஹன்களை வைத்தோம். பக்கத்தில் தேசிக்காய்த் தண்ணி ஜக்குகளையும் வைத்தோம். மூத்தவர் பிஸ்மி சொல்லிக் கை வைத்தால்தான் மற்றவர்கள் தொடங்குவார்கள். மூத்தவர் ஹாஜியார். அவர் கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்வளவுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது அவருடைய கையில் ஒரு பிடி மினுங்கல் கடதாசி இருந்தது. கறிக்கு ருசி கூட்டப் போடுகிற சூப் கட்டியைச் சுற்றி வருமே, அந்தக் கடதாசி. அதைப் பாயின் நடுவில் எறிந்தார்.

"எல்லாரும் பாருங்க! அடுப்படியில கிடந்திச்சி. இது எந்தக் கம்பனிட கட்டியெண்டு எனக்குத் தெரியும். நான்தான் இதையும் விக்கிறன். கறுப்புச் சோடா ஹறாமாம், கறிக்குள்ள மட்டும் இது ஹலாலாம்!"

உசனாரைக் கூப்பிட்டோம். மனிசன் வேர்த்து வழிய நின்றார். "காலமெல்லாம் போடுறதுதான் ஹாஜியார். என்ட பெட்டியில எப்பவும் ஈக்கும். கை தன்ட பாட்டுல போட்டிரிச்சி," என்றார். அவருடைய கைராசியின் ரகசியம் அன்றைக்கு ஊருக்கே தெரிந்துபோனது. வேறொரு நாளென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

திரையை விலக்கிக்கொண்டு மஹ்மூதா வெளியே வந்தாள். ஆண்கள் குந்தியிருந்த பந்தலுக்குள் வந்து, அந்தக் கடதாசிகளைக் குனிந்து பார்த்தாள். அவளுடைய முகம் செத்துப்போயிருந்தது. இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்தவள், சொந்த மகளின் சோற்றில் தோற்றுப்போய் நின்றாள்.

"இப்ப என்ன செல்றீங்க?" என்றார் ஹாஜியார். "லொறியில ஈக்கிறத எறக்கவா?"

மஹ்மூதா நிமிர்ந்தாள்.

"ஹாஜியார், நோன்பு நேரம் மறதியாத் தண்ணி குடிச்சா என்ன செய்வீங்க?"

"அது என்னத்துக்கு இப்ப?"

"சொல்லுங்க."

அவளே சொன்னாள். "ஞாபகம் வந்த உடன வாய மூடுவம். நோன்பு முறியாது. மறந்து ஒரு மிடறு போயிட்டெண்டு, போய்ச் சோத்துப் பானையத் திறந்து வச்சித் தின்னுறதில்ல. உசனார் நானா மறந்து போட்டார். எனக்கி இப்பதான் தெரியும். இந்தச் சோத்த நான் கொட்ட மாட்டன், அது அல்லாஹ்ட ரிஸ்க், அவன் தந்த சாப்பாடு. நீங்க சாப்பிடுங்க. ஆனா, தெரிஞ்சுகொண்டு அந்தப் போத்தல எறக்க மாட்டன்."

ஹாஜியாரின் சஹனில் குந்தியிருந்த பள்ளி மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு கீழே பார்த்தார். சிரிப்பை மறைத்தார் என்றுதான் நினைக்கிறேன். அதைக் கண்டு ஹாஜியாருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"அகதி ஆக்களுக்கு இவ்வளவு திமிரா? நாங்கதான் இடம் தந்தம். எழும்புங்க எல்லாரும்! அம்ஜத், எழும்பு!"

இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சொல் ஒருவரின் நாக்கில் இவ்வளவு லேசாக இருந்தது.

மஹ்மூதா கேற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். "எழும்புங்க ஹாஜியார்," என்றாள். "எங்கள எழுப்பி அனுப்பின நேரம் எங்களிட்ட ஒருத்தரும் கேக்கல்ல. இது என்ட வீடு. இந்த முற கேற்ற நான்தான் திறந்து விடுவன்."

அவள் கேற்றை நோக்கி நடந்தாள். நான் திரையைப் பார்த்தேன். அதற்குப் பின்னால்தான் முஃப்லிஹா இருந்தாள், கலியாணச் சேலையோடு. அவளுடைய வாழ்க்கைதான் அந்தக் கேற்றுக்கு வெளியே போகப்போகிறது. தாய்க்குக் கேட்கும்படி அவள் கத்தினாள்:

"நல்லாத் திறந்து விடுங்க உம்மா!"

அம்ஜத் அதுவரை தலை நிமிரவில்லை. மாமனுக்கு எதிராக ஒரு சொல் பேசி அறியாத பொடியன். அந்தக் குரலைக் கேட்டு மெல்லத் தலையைத் தூக்கினான்.

"மாமா, நான் இண்டையிலரிந்து இந்த வீட்டுலதானே இருக்கப் போறன். எழும்பி எங்க போறது?" என்றான். பிஸ்மி சொல்லிச் சஹனில் கை வைத்தான்.

மூத்தவருக்கு முன் மாப்பிள்ளை கை வைத்தது எங்கள் பக்கம் நடக்காத காரியம். மௌலவியும் கை வைத்தார். பிறகு ஒவ்வொரு சஹனிலும் கைகள் இறங்கின. பசி ஒரு பக்கம், உசனாரின் கோழி வாசம் ஒரு பக்கம். ஹாஜியார் லொறியில் ஏறிப் போய்விட்டார். அவரோடு போனது லொறி ஓட்டி வந்தவன் மட்டும்தான். அவனும் ஒரு பார்சல் கட்டிக்கொண்டுதான் போனான்.

பந்தல் ஓய்ந்த பிறகு, பெண்ணுக்கென்று எடுத்து வைத்த சோற்றைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். தாயும் மகளும் நிலத்தில் குந்தியிருந்தார்கள். நடுவில் பேக்கரியில் வாங்கிய ஒரு றாத்தல் பாணும் தேங்காய்ச் சம்பலும் இருந்தன. மஹ்மூதா அந்தச் சோற்றைத் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மணப்பெண்?

"நீயாச்சும் சோறு தின்னு மகள்," என்று மஹ்மூதா கெஞ்சிக்கொண்டிருந்தாள். "காலையிலரிந்து வெறும் வயிறு. உன்ட கலியாணச் சோறு. உனக்கென்ன குற்றம்?"

முஃப்லிஹா பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டாள். மருதாணிக் கை முழுக்கத் தேங்காய்ப்பூ.

"எனக்கும் ஞாபகம் வந்திட்டுது உம்மா," என்றாள்.

ஹாஜியாரின் முன்னால் கண் கலங்காத என் தங்கை, பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.