அப்பா வளர்த்த மேப்பிள் கன்று

கனடாவுக்கு வேலைக்குப் போன அப்பா, பூங்காவில் பொறுக்கிய மேப்பிள் விதை ஒன்றைத் தொட்டியில் முளைக்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் பாலக்கரை வீட்டுக்குத் திரும்பியதும் வீடியோ காலில் அதைக் காட்டி, இது உன் மரம் என்பார். எனக்கு அப்போது எட்டு வயது. வாய்க்கு மட்டும் எண்பது.

டிசம்பரில் கன்றின் இலையெல்லாம் கொட்டிவிட்டது. அப்பா அதைக் கார் ஷெட்டில் வைத்து, தொட்டியைச் சுற்றிச் சருகு குவித்திருந்தார். ஷெட்டில் ஹீட்டர் கிடையாது. கிறிஸ்துமஸ் குடிலுக்காகக் கொட்டாங்கச்சியில் கேழ்வரகு விதைத்து, ஈரச்சாக்குப் போர்த்தி, அடுப்படியோரம் கதகதப்பாக வைத்து முளைக்க விடுபவள் நான். எனக்குத் தெரியாததா!

"ஐயோ, அதுக்குக் குளிராதாப்பா? வீட்டுக்குள்ள எடுத்துட்டு வாங்க."

"குளிர்ல தூங்கணும் கண்ணு. அப்பதான் பிழைக்கும்."

நான் நம்பவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர், லீவு கிடைக்கவில்லை என்று முந்தின வாரம்தான் கையை விரித்திருந்தார். நானும் அம்மாவும் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தோம். அந்த ஆத்திரமும் சேர்ந்துகொள்ள, ஓவென்று அழுதேன்.

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள், "விடுடி. நாம கேட்டு எது நடந்திருக்கு?"

அடுத்த ஞாயிறு கன்று அவர் அறைக்குள், ஹீட்டர் பக்கத்தில் இருந்தது. பொங்கலுக்குள் துளிர்த்தும்விட்டது! நான் சொன்னதுதான் சரி என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். இலைகள் வெளிறி, தண்டு நூல் மாதிரி நீண்டிருந்ததை நான் எங்கே கவனித்தேன்? அதன் பிறகு அப்பா கன்றைக் காட்டுவது குறைந்தது. வேலை, வெளிச்சமில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்வார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒருநாள் நான் அடம்பிடித்த பிறகுதான் காட்டினார். கன்று கருகித் தலை சாய்ந்து கிடந்தது.

"ஒரு செடியக்கூடப் பாத்துக்கத் தெரியலையாப்பா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"தெரியல கண்ணு. அப்பாதான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

அம்மா என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். வழக்கமாக அவரிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், அன்றைக்கு வெகுநேரம் பேசினாள். பேசப் பேச அழுதாள்.

பிழைக்காது என்று தெரிந்தேதான் அப்பா அதை உள்ளே எடுத்து வந்திருக்கிறார். நாங்கள் கேட்டதில் அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அம்மாவுக்கு அது புரிந்திருக்கிறது. எனக்கோ, செத்தது என் செடி, இவள் எதற்கு அழுகிறாள் என்று எரிச்சலாக இருந்தது.