தண்ணீருக்குப் பயந்த உலைக்கல்

இரும்பு உருக்கும் உலைக்குள் அடுக்குகிற கல்லைச் செய்யும் எங்கள் தொழிலில் நெருப்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கவலையெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். மக்னீசியா தூளை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டெடுக்கிற கல் இது. பக்கத்தில் இரும்பு கொதித்தாலும் அசையாது. ஈரம் ஏறினால் உள்ளுக்குள் ஊதி, வெடித்து, மாவாக உதிரும். இதைப் போய் மழை ஓயாத சிங்கப்பூரில் செய்கிறோம். துவாஸில் இருக்கிற தொழிற்சாலையில், சுட்ட கல்லைச் சுத்தியலால் தட்டிக் கேட்டு, எண்ணி, கையெழுத்துப் போடுவது என் வேலை. பத்தொன்பது வருடம் ஆகிறது. ஓய்வு வயது தாண்டிவிட்டதால் ஆண்டுக்கு ஒரு தடவை வேலையை நீட்டித்துத் தருவார்கள். எதையாவது எண்ணிப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

தேங்காய்க் கடை

நல்ல கல்லைத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் அப்படியே அமுங்கிவிடும். நாளெல்லாம் கல் தட்டுகிற கை ஞாயிற்றுக்கிழமையும் சும்மா இருப்பதில்லை. வீடு இருக்கிற புக்கிட் பாஞ்சாங்கில் மின்தூக்கிக் கதவைத் தட்டும், பேருந்து நிறுத்தத்தில் தூணைத் தட்டும். தேக்கா சந்தையில் தேங்காய் வாங்கப் போனால் கேட்கவே வேண்டாம்.

ஒரு நாள் ஒன்பது காய்களைத் தட்டிவிட்டுப் பத்தாவதைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ராவுத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார்; அவர் சொன்ன எண்ணிக்கையில் ஒன்று கூடுதல். திருத்தக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன். "பத்து காய் தட்டிட்டீங்கண்ணே. உள்ளேருந்து யாராச்சும் வந்து கதவைத் திறக்கணுமா?"

ஆயுத பூஜை

எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் முருகேசன் பக்தியானவர். பூஜையன்று அச்சு இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்து, மாவிலையால் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். அடுத்து கல் அடுக்கு. உறை போடாத கல். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தீர்த்தம்ணே. கோயில்லேருந்து கொண்டாந்தது" என்றார்.

"தீர்த்தமும் தண்ணிதான். இதுக்கு விபூதி போடுங்க."

போட்டார். விபூதியால் கல்லுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனாலும் எனக்கு மனசு உறுத்தியது. செம்பைக் கீழே வைத்துவிட்டு முருகேசன் மற்றவர்களிடம் சொன்னார்: "சாமிக்கே ஸ்டோர் ரூல் சொல்ற ஆளு இவர் ஒருத்தர்தான்."

மேசைமேல் இரண்டு தாள்

பூஜை முடிந்து மூன்றாவது வாரம் புகார் வந்தது. ஜூரோங்கில் பழைய இரும்பை உருக்கும் ஒரு பட்டறைக்கு நானூற்று எண்பது கல் அனுப்பியிருந்தோம். அடுக்கி முடித்து, முதல் தடவை சூடேற்றியதுமே உலைக்குள் விரிசல். கையெழுத்து என்னுடையது.

மேலாளர் கவிதா கூப்பிட்டார். என் மகளைவிட இளையவர், மரியாதையான பெண். மேசையில் புகார்த் தாள் இருந்தது. அதற்கு அடியில் என் வேலை நீட்டிப்புத் தாள், இன்னும் கையெழுத்தாகாமல். நான் ஒரு கல்லையும் தட்டாமல் விடவில்லை என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "போய் எண்ணிப் பார்க்கிறேன்" என்பது மட்டும்தான். "பாருங்க அங்கிள். ஆனா நீங்க மிஸ் பண்ணியிருந்தீங்கன்னா இந்த ரினியூவலை நான் மேலே அனுப்ப முடியாது."

குடைப் படம்

ஆறிப்போன உலைக்குள் குனிந்து உட்கார்ந்து நானூற்று எண்பதையும் தட்டினேன். அடியிலிருந்து நான்கு வரிசை, வரிசைக்கு இருபத்து நான்கு, மொத்தம் தொண்ணூற்றாறு கல் செத்துக் கிடந்தது. மேலே இருந்த முந்நூற்று எண்பத்து நான்கும் மணி. சுடும்போது வந்த குறை என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். இப்படி வரிசையாக இருக்காது.

கல் அடுக்கியவர் செல்லையா, புதுக்கோட்டைக்காரர். ஊரில் பல வருடம் வீடு கட்டிய கொத்தனார். உலை வேலை இதுதான் முதல் தடவை. முதல் நான்கு வரிசைக்கு மட்டும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒளிக்காமல் மூலைக்குக் கூட்டிப்போய், பாதியாக வெட்டிய டிரம் ஒன்றைக் காட்டினார். ஒரு தடவைக்கு இருபத்து நான்கு கல் பிடிக்குமாம். "செங்கல்லை ஊறப்போட்டுத்தான்யா வைக்கணும். இல்லேன்னா கலவைத் தண்ணிய அது குடிச்சிடும்." நாலு தடவை ஊறப்போட்டதும் டிரம்மை வேறு வேலைக்கு எடுத்துப்போய்விட்டார்கள். அதனால் மிச்சக் கல் பிழைத்தது.

விஷயத்தைச் சொன்னேன். ஊறிய ஈரம் சூட்டில் ஆவியாகிக் கல்லை உள்ளேயே வெடிக்க வைத்துவிட்டது என்றேன். அவர் முகம் மாறியது. "ஊருக்கு அனுப்பிடுவாங்களாய்யா?" என்றார். தரையில் கிடந்த எங்கள் பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பார்த்தேன். ஈரம் படக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, சீனத்தில் ஒரு வரி, பக்கத்தில் ஒரு குடைப் படம். இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "குடையைப் பார்த்தேன்யா. அதான் மழையில வைக்காம, கூரைக்குள்ள வெச்சு ஊறப்போட்டேன்."

இரண்டாவது வரி

அறிக்கையில் இரண்டு வரி எழுதினேன். முதல் வரி: கல் இங்கிருந்து நன்றாகத்தான் போனது, தொண்ணூற்றாறு கல் அங்கே தண்ணீரில் ஊறியிருக்கிறது. இரண்டாவது வரி: ஊறப்போடக் கூடாது என்று நம் உறையில் அவருக்குப் புரிகிற மாதிரி எங்கேயும் இல்லை, எந்தக் கொத்தனாரும் செய்வதைத்தான் அவர் செய்தார்.

கவிதா இரண்டு தடவை படித்தார். "முதல் வரியோட நிறுத்தியிருந்தா நீங்க சேஃப் அங்கிள். ரெண்டாவது எதுக்கு?" என்று கேட்டார். வழியெல்லாம் இதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் மறந்துபோனது. "அதையும் சேர்த்தாத்தான் கணக்கு சரியா வருது" என்றேன்.

தொண்ணூற்றாறு கல்லுக்கும் பதிலாகப் புதுக் கல்லை நாங்களே கொடுப்பதென்று முடிவானது. அவற்றை அடுக்கியவரும் செல்லையாதான். நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளியபோது கவிதா சொன்னார்: "ஒரு வருஷம் போட்டிருக்கேன். உறையில தமிழ்ல என்ன எழுதணும்னு நாளைக்கே எழுதிக் கொடுங்க. அந்தக் குடையை முதல்ல எடுத்துடலாம் லா."

'ஊறப்போடாதீர்கள், நனைக்காதீர்கள்' என்ற இரண்டு சொல்லை எழுதிக் கொடுக்க, பத்தொன்பது வருடமும் தொண்ணூற்றாறு கல்லும் எங்களுக்குச் செலவாகியிருக்கிறது.