கம்பிக்காரர் உடைத்த கேபிள்

கம்பிக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில். கருகிய மோட்டாருக்குச் செம்புக் காயில் கட்டுவது தொழில். போன் இல்லாமலே காற்றில் பேசும் ஹாம் ரேடியோ என்றால் பைத்தியம். கடையின் மொட்டை மாடி முழுக்க ஆன்டெனாக் கம்பி இழுத்து வைத்ததால் வந்த பெயர்தான் கம்பிக்காரர். எதிர்முனை சரியாகக் கேட்காவிட்டால் மைக்கைச் சுவரில் அடிக்கிற மனுஷன்.

கலவரத்தின் மூன்றாம் நாள் போனெல்லாம் செத்துவிட்டது. எந்தத் தெருவில் கும்பல் நிற்கிறது என்று அவர் மாடியிலிருந்து பார்த்து ரேடியோவில் சொல்வார். ஆம்புலன்ஸ் ஓட்டும் மைத்துனன் வண்டியைத் திருப்புவான். முந்தின நாள் கும்பல் இன்னொரு டிரைவரின் மண்டையைப் பிளந்து, அவன் ரேடியோ செட்டையும் பிடுங்கிக்கொண்டது. இனி பேசுவதெல்லாம் அந்தப் பாவிகள் காதிலும் விழும்.

ஆகவே அவர்களுக்குத் தெரியாத புது சேனல். மைத்துனன் செட்டில் காலையிலேயே ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரை வைத்து ஏற்றியாயிற்று. கீழே கடையில் இருக்கும் தன் செட்டிலும் ஏற்ற வேண்டும். லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. செட்டையும் லேப்டாப்பையும் இணைக்கும் கேபிளைச் செருகினார். சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்றது. தெரிந்த கதைதான் என்று, போர்ட்டைத் திறக்க உரிமையுள்ள டயல்அவுட் குழுவில் தன் பெயரைச் சேர்த்தார். அனுமதி இல்லை. மூன்றாம் முறையும் அதே பாட்டு.

"எனக்கே அனுமதி இல்லையாடா? இது என் லேப்டாப்டா!"

கேபிள்தான் போலி என்று முடிவு கட்டி, அதன் தலையில் சுத்தியலால் ஒரு போடு போட்டார். சில்லு சில்லாகப் போனது. அப்புறம்தான் உறைத்தது: பெயரைச் சேர்த்தால் மட்டும் போதாது, ஒருமுறை லாக் அவுட் செய்துவிட்டு வரவேண்டும். அரை நிமிஷ வேலை. இருந்ததோ ஒரே கேபிள். தன் கன்னத்தில் தானே பளார் பளாரென்று அறைந்துகொண்டார்.

பழைய சேனலில் மைத்துனன் கத்தினான். "மாமா, புதுசுல கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சிட்டேன். ரெண்டு பேர் குத்துப்பட்டுக் கெடக்காங்க, ரத்தம் நிக்கல. பாலம் வழியா போகவா?"

மாடிக்கு ஓடிப் பார்த்தார். பாலத்தில் கும்பல், கையில் கடப்பாரை. ஆஸ்பத்திரிக்கு வேறு வழியும் கிடையாது. இறங்கி வந்து மைக்கை எடுத்தார்.

"பாலம் வேணாம் மாப்ளே. என் கடைக்குக் கொண்டுவா. டாக்டர் இங்கதான் இருக்கார்."

ஸ்ட்ரெச்சரே நுழையாத கடை அது. மைத்துனனுக்கும் அது தெரியும். புரிந்துகொண்டு, "சரி மாமா" என்றான்.

அவர் பூட்டிவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் ரேடியோவில் கேட்ட கும்பல் ஆன்டெனா பார்த்து வந்துவிடும்; ஆளில்லாத கடை என்று தெரிந்தால் பாலத்துக்கே திரும்பிவிடும். ஷட்டரை உள்ளிருந்து இழுத்துவிட்டு, மோட்டார்களை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார்.

ஷட்டரைப் பெயர்க்க அவர்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. முதல் அடி தோளில், அடுத்தது முழங்காலில், மூன்றாவது வாயில்.

"எங்கடா ஆம்புலன்ஸ்?"

"வரும், இரு."

மேசைமேல் இருந்த செட்டிலும், அடித்தவன் இடுப்பில் தொங்கிய செட்டிலும் ஒரே குரல் வந்தது. "மாமா, ஆஸ்பத்திரிக்குள்ள வந்துட்டோம்! ரெண்டு பேருக்கும் உசிரு இருக்கு. கடைய விட்டு ஓடுங்க மாமா!"

அடித்தவன் தன் இடுப்பைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். கம்பிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடைந்த பல்லோடு வயிறு குலுங்கச் சிரித்தார். அவன் கடப்பாரையை இரண்டு கையாலும் ஓங்கினான்.