ஒயருக்குள் ஒரு கல்யாணம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்றதும், 'அப்பாடா, ஓய்ந்தது' என்று சந்தோஷப்பட்ட வாசகர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. நான் எழுதினேன். அனுப்பவும் செய்தேன். அது போய்ச் சேரவில்லை.

ஏன் சேரவில்லை? என் வீட்டு இன்டர்நெட் ஒயரை அம்மன் அறுத்துவிட்டாள்.

சிரிக்காதீர்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பவர்களுக்காக... நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். கணவருக்குச் சென்னைக்கு வெளியே ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை மாற்றல் வந்ததால், இப்போது வல்லம் வடகாலை ஒட்டி ஓர் அடுக்குமாடியில் வாசம். எங்கள் முன்னோர்கள் இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பல் ஏறினார்கள் என்று அப்பா சொல்வார். அந்த உரிமையில் பெருமையாக வந்து இறங்கினேன். இங்கே எனக்குப் பெயர் 'ஃபாரின் மேடம்'.

கிளம்பும்போது சொந்தக்காரர்கள் எல்லோரும் பயமுறுத்தினார்கள். வெயில், கொசு, தண்ணீர், ஆட்டோக்காரர். எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன். இன்டர்நெட்டைப் பற்றி மட்டும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

என் இரண்டாவது மாடி பால்கனியில் நின்றால் உலகமே தெரியும். கொரியாக்காரர் தொழிற்சாலை, ஜப்பான்காரர் தொழிற்சாலை, ஜெர்மன்காரர் தொழிற்சாலை, நடுவில் யாரோ இன்னும் விற்காமல் வைத்திருக்கும் ஒரு துண்டு நெல்வயல். காரும் செல்ஃபோனும் இங்கிருந்துதான் தேசம் தேசமாகப் போகின்றன. என் தங்கைக்கு நான் அனுப்பும் 'சாப்பிட்டியா' மட்டும் போகாது.

எப்படிப் போகும்? என் வீட்டுக்கு வரும் ஃபைபர் ஒயரின் யாத்திரையைக் கேளுங்கள். மின்கம்பத்தில் புறப்படும். வேப்பமரத்தை ஒரு சுற்று சுற்றும். பிரியாணிக் கடை போர்டில் கொஞ்சம் இளைப்பாறும். பிறகு தெருவைக் குறுக்கே தாண்டி என் பால்கனிக் கம்பியில் வந்து முடிச்சு. நடுவில் அணில் கடிக்கும், கன்டெய்னர் லாரி இழுக்கும், ஜேசிபி புரட்டும். இத்தனையும் தாண்டி ஒரு மெயில் வந்து சேர்ந்தால் அதற்கு ஆரத்திதான் எடுக்க வேண்டும்.

எங்கள் பகுதிக்கு இன்டர்நெட் வழங்கும் தொழிலதிபர் பெயர் டில்லிபாபு. முதலாளி, டெக்னீஷியன், கஸ்டமர் கேர் எல்லாம் அவர் ஒருவரே. அவருடைய நிறுவனக் கொள்கை இரண்டே வாக்கியம். ஒன்று, "ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்." இன்னொன்று, "வந்துகினே கீறேன் மேடம்."

இரண்டாவதைச் சொல்லும்போது அவர் பெரும்பாலும் படுக்கையில் இருப்பார். பின்னணியில் மின்விசிறி சத்தம் கேட்கும்.

'மொபைல் டேட்டா இல்லையா?' என்று கேட்கிறீர்கள். இருக்கிறதே! ஷிஃப்ட் மாறும் நேரம் தவிர. நைட் ஷிஃப்ட் முடிந்து இறங்குகிறவர்களும் காலை ஷிஃப்ட் ஏறுகிறவர்களும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஃபோனை எடுப்பார்கள். திருநெல்வேலிக்கும் விருதுநகருக்கும் அம்மாவைக் கூப்பிடுவார்கள். பாவம், அந்த ஒற்றை டவர் மூச்சுத் திணறிப்போகும். அம்மாவோடு பேசுகிற பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளவா முடியும்?

இந்தச் சிக்னல் தேடும் வேலையில்தான் வினை வந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் இரும்பு ஏணி உண்டு. அதன் மேல்படியில் நின்றால் 'நன்றாக வரும்' என்று வாட்ச்மேன் சொன்னார். சிக்னல் வந்ததோ இல்லையோ, நான் கீழே வந்தேன்... ஏணியைப் பயன்படுத்தாமல்.

கணுக்காலில் எலும்பு முறிவு. முழங்கால்வரை மாவுக்கட்டு. விமானப் பயணம் கூடவே கூடாது என்றார் டாக்டர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் கேலி பேசியதே அதைத் தள்ளிப்போடத்தான்.

வைகாசியில் என் தங்கை தேவிக்குக் கல்யாணம். அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் அவளுக்கு அம்மா நான்தான். பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி அனுப்பியது நான். மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்ந்து பேசியது நான். தாலி ஏறும்போது அவள் பின்னால் நிற்க வேண்டியவளும் நான். டிக்கெட்கூட எடுத்திருந்தேன்.

இன்டர்நெட் காலை உடைத்தது. உடைந்த காலால் கல்யாணத்துக்குப் போக முடியாது. போக முடியாததால் கல்யாணத்தைப் பார்க்க இருக்கும் ஒரே வழி... அதே இன்டர்நெட். எவ்வளவு அழகான ஏற்பாடு!

கணவரை மட்டும் அனுப்பிவைத்தேன். அவருக்கு ஒரே வேலை. ஃபோனை வீடியோ காலில் வைத்துக்கொண்டு மணமேடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். டில்லிபாபுவை வீட்டுக்கே வரவழைத்து, நிலைமையைச் சொல்லி, கண் கலங்கியும் காட்டினேன்.

"மேடம், ஒங்க தங்கச்சின்னா எனுக்கும் தங்கச்சிதான். அன்னிக்கு நெட்டு போச்சுன்னா என் பேர மாத்திக்கினு ஊர வுட்டே போய்ட்றேன்!"

அப்படிச் சத்தியம் செய்தவர் ஒரு சின்னத் தகவலை மறைத்துவிட்டார். அதே நாள், அதே நேரம், பக்கத்துக் கிராமத்து அம்மன் தேர் எங்கள் தெரு வழியாக வருகிறது. விழாக் கமிட்டியில் டில்லிபாபுவும் உறுப்பினர். தேர் போகிற வழியில் குறுக்கே நிற்கும் ஒயர்களை அப்புறப்படுத்துவது அவர் பொறுப்பு.

வருடா வருடம் மூங்கில் கழியால் ஒயரைத் தூக்கிப் பிடிப்பார்களாம், தேர் அடியில் நுழைந்து போய்விடுமாம். இந்த வருடம் அது நடக்காது. சுற்றுப்பட்டில் நிலத்துக்கு நல்ல விலை வந்ததில் ஊர் புதுத்தேர் செய்திருக்கிறது. பழையதைவிட ஒரு தட்டு உயரம். பக்தி வளர்ந்தால் தேரும் வளரும். என் ஒயர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கல்யாணக் காலை வந்தது. பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டி, பால்கனிக் கதவருகே லேப்டாப்போடு உட்கார்ந்தேன். தேர் வருவதால் தெருவில் கரண்ட்டை நிறுத்தினார்கள். எங்கள் கட்டடத்து ஜெனரேட்டர் உறுமியது. ரூட்டரில் பச்சை விளக்கு. திரையில் ஈப்போ மண்டபம், மேடை, சிவப்புக் கூரைப்புடவையில் என் தேவி! டில்லிபாபு வாழ்க என்று மனசாரச் சொன்னேன்.

அப்போது பால்கனிக்கு நேர் எதிரே, என் கண்மட்டத்தில், டில்லிபாபுவே தோன்றினார். தேரின் மேல்தட்டில், நெற்றி நிறைய குங்குமம், கையில் கட்டிங் பிளேயர்.

"டில்லி! என்ன செய்றே?"

"இன்னா மேடம் பண்றது, கலசம் ஒயர்ல மாட்டிக்கினு கீது. ரெண்டே நிமிஷம், கட் பண்ணிட்டு ஜாயின்ட் போட்டு குட்துர்றேன்."

"ஐயோ, அறுத்துடாதே! என் தங்கச்சிக்குத் தாலி கட்டப் போறாங்க!"

அவர் கீழே குனிந்து தர்மகர்த்தாவிடம் கத்தினார். "அண்ணே, இரு! இங்க கல்யாணம் நடக்குதாம்!"

"எங்கடா? மண்டபத்துலயா?"

"இல்லண்ணே, ஒயருக்குள்ள!"

தர்மகர்த்தாவுக்குப் புரியவில்லை. "இன்னாடா ஒளர்ற? வெயில் ஏறிக்கினு போவுது. அறுத்துப் போட்டுட்டு வாடா!"

அவ்வளவுதான். வடம் பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி கயிற்றைப் பொத்தென்று கீழே போட்டாள். "யோவ், வாய கழுவு! ஒரு பொண்ணு கழுத்துல தாலி ஏர்ற நேரத்துல அறு கிறுன்ற? அம்மா காதுல வுழுந்தா ஊருக்கு ஆவுமா?"

மற்ற பெண்களும் கயிற்றை விட்டார்கள். தர்மகர்த்தா அம்மனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மனைவியைப் பார்த்தார் — கயிற்றை முதலில் போட்டவள் அவள்தான். "சக்கரத்துக்குக் கட்ட போடுங்கடா" என்றார்.

சக்கரத்தடியில் முட்டுக்கட்டை விழுந்தது. எனக்கு ஆயுளில் எத்தனையோ பேர் முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டது அன்றுதான்.

தேர் நின்றது. ஊர் நின்றது. ஆனால் ஈப்போவில் யாருக்கு அவசரம்? ஐயர் நிதானமாக மந்திரம் சொன்னார். போட்டோக்காரர் மாப்பிள்ளையின் மாலையைச் சரிசெய்தார். கீழேயிருந்து கேள்விகள் வர ஆரம்பித்தன.

"ஆச்சா மேடம்?"

"இல்லை, ஐயர் இன்னும் மந்திரம் சொல்றார்!"

"பொடவ இன்னா கலரு?"

"சிவப்பு! ஜரிகை பார்டர்!"

"மாப்ள இன்னா வேல பண்றாரு?"

"பேங்க்!"

"கவர்மெண்ட் பேங்கா?"

உடைந்த காலோடு, ஒரு தேருக்கே நேரடி வர்ணனை செய்த முதல் பெண்மணி நானாகத்தான் இருப்பேன். ஐயர் தாலித் தட்டை எல்லோரிடமும் காட்டி ஆசீர்வாதம் வாங்கிவிட்டு வந்தார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். தேவி தலையைக் குனிந்தாள். அவர் இரண்டு கையும் அவள் கழுத்துக்குப் பின்னால் போனது...

நின்றது.

கை அப்படியே நின்றது. ஐயரின் திறந்த வாய் அப்படியே நின்றது. நடுவில் அந்தச் சனியன் பிடித்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"டில்லி! நின்னுபோச்சு!"

தேரின் உச்சியில், அம்மனுக்கு மேலே நின்றபடி அவர் சொன்னார். "ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்!"

அழுவதா, ஸ்டூலைத் தூக்கி எறிவதா? எழுந்திருக்கவே முடியாதவள் எதை எறிவது? அழுதேன். சத்தமாகவே அழுதேன். இத்தனை வருடம் காத்திருந்த அந்த ஒரு நிமிஷம் அங்கே நடந்துகொண்டிருந்தது. நான் இங்கே ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஸ்பீக்கரில் துண்டு துண்டாக ஐயரின் குரல் மட்டும் வந்தது. "கெட்டி... மே... கெட்டி..."

"கெட்டிமேளம் சொல்றாங்க!" என்று நான் கத்தினேன்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" டில்லிபாபு கட்டிங் பிளேயரை ஆட்டினார்.

தேருக்கு முன்னால் நின்ற தவில்காரர் என்ன ஏது என்று கேட்கவில்லை. அடித்தார் பாருங்கள்! நாயனம் சேர்ந்துகொண்டது. கூட்டத்தில் நின்ற, தெற்குச் சீமையிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள் குலவை போட்டார்கள். அம்மனுக்கு வைத்திருந்த உதிரிப்பூவை டில்லிபாபு கை நிறைய அள்ளி என் பால்கனிக்குள் வீசினார். லேப்டாப் மேலே, மாவுக்கட்டு மேலே, என் தலைமேலே பூ.

மேளம் ஓய்ந்தது. "ஆச்சா மேடம்?" என்றார்.

"ஆச்சு" என்றேன்.

டக். அறுத்தார். கட்டை எடுத்தார்கள். தேர் நகர்ந்தது.

டவர் மூச்சுவிட்ட பிறகு தங்கை ஃபோனில் கூப்பிட்டாள். அவள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஈப்போ மண்டபத்தில் மேளக்காரர் கிடையாது. கெட்டிமேளத்தை ஆன்லைனில் போடுவதாக ஏற்பாடாம். சரியாக அந்த நேரம் பார்த்து, கெட்டிமேளத்துக்குப் பதிலாக சோப்புத்தூள் விளம்பரம் ஓடியிருக்கிறது. 'எங்கள் ஈப்போவில் நெட் பறக்கும்' என்று இங்கே நான் அளந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

"எல்லாரும் முழிக்கிறாங்கக்கா. அப்பத்தான் மாமா கையில இருந்த ஃபோன்ல மேளம்! மாமா ஓடிப்போய் மைக்க எடுத்து ஃபோன்கிட்ட வச்சிட்டாங்க. மண்டபமே அதிருது!"

திரை எனக்குத்தான் உறைந்திருக்கிறது. என் பக்கத்துச் சத்தம் அவர்களுக்குத் தடையில்லாமல் போயிருக்கிறது. யோசிக்காமல் செய்த காரியம் என்பதால்தான் என் கணவர் அதைச் சரியாகச் செய்தார்.

தேவி கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நீ பின்னால இல்லைன்னு அழுகையா வந்துச்சுக்கா. மேளம் கேட்டதும், நீ வந்துட்டேன்னு நெனச்சுத் திரும்பிப் பாத்தேன்."

எனக்கு அது போதும். டில்லிபாபுவுக்கு ஒரு வேட்டியும் துண்டும் எடுத்து வைத்திருக்கிறேன். ஜாயின்ட் போட வரும்போது கொடுக்கலாம் என்று. அந்த 'ரெண்டே நிமிஷம்' இன்னும் முடியவில்லை. பேரும் மாற்றவில்லை, ஊரை விட்டும் போகவில்லை. ஃபோன் செய்தால் மின்விசிறி சத்தம் கேட்கிறது. இந்தப் பத்தியை பிரியாணிக் கடைக்காரரின் ஹாட்ஸ்பாட்டில் அனுப்புகிறேன். எழுத்தில் மசாலா வாசனை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாலி கட்டும் வீடியோவை தேவி அன்றே அனுப்பிவிட்டாள். அது... வந்துகினே கீது.