மௌனத்தின் ஏழாவது விடைபெறல்

அவர் பிரிண்டர் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக அலுவலகம் அலுவலகமாகப் போய், காகிதம் சிக்கிய இயந்திரங்களின் வயிற்றைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். தொழிலை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பழுதான இரண்டு பிரிண்டர்களை வாங்கி நல்லதாக ஒன்று செய்யப் போய், முன்னைவிட மோசமான மூன்றாவது ஒன்றைச் செய்தார், அதில்தான் தொழில் பிடிபட்டது. இப்போது மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். "ரெண்டாவது ரோலர் தேஞ்சிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் தேய்ந்திருக்கும். அந்தக் காது பொய் சொன்னதில்லை. அந்தக் காதைப் பற்றி அவர் சொல்வதில்தான் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்.

ஏனென்றால் மாலை ஆறு மணிக்கு மேல் அவர் மெக்கானிக் இல்லை. பாட்டு, ஸ்பீக்கர், போன், வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்று எதைப் பற்றியும் பேசிக்கொள்ளும் ஓர் இணையக் குழுவில், முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒலி பற்றித் தீர்ப்பு வழங்குபவர். அங்கே அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'மௌனம்'. பன்னிரண்டு வருடத்தில் அந்தக் குழுவில் மிக அதிகமாக எழுதியவரும் மௌனம்தான்.

வீட்டுக் கூடத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் சரிசமமான தூரம் அளந்து, நான்கு காலுக்கும் தரையில் பெயின்டால் குறி போட்டிருந்தார். ஓர் அங்குலம் நகர்ந்தாலும் பாடுபவர் பக்கத்து அறைக்குப் போய்விடுவார் என்பது அவர் கட்சி. அவர் மனைவி தினமும் நாற்காலியை நகர்த்திப் பெருக்கிவிட்டு, தோன்றிய இடத்தில் திரும்பப் போடுவாள். ஒன்பது வருடத்தில் எந்தப் பாடகரும் பக்கத்து அறைக்குப் போனதாக அவர் புகார் செய்ததில்லை. பெயின்ட் அழிந்து ஏழு வருடமாகிறது என்பதையும் அவர் பார்த்ததில்லை.

குழுவில் அவருக்கென்றே ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. மனம் புண்பட்டால் விடைபெறுவார். ஒன்பது பத்தி எழுதி, எல்லோரும் நலமாக இருக்க வாழ்த்தி, இனி தன்னைத் தேட வேண்டாம் என்று முடிப்பார். ஆனால் 'வெளியேறு' என்ற பொத்தானை மட்டும் அழுத்த மாட்டார். அழுத்திவிட்டால், மற்றவர்கள் கெஞ்சுவதை எப்படிப் படிப்பது? உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் ஆடாமல் அசையாமல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். நாகரிகம் கருதி யாரும் சொல்வதில்லை. இரண்டு நாள் கழித்து, குழுவை நடத்தும் பல் டாக்டர் போன் செய்து, "நீங்க இல்லாம குரூப்பே டல்லா இருக்கு சார்" என்பார். அன்புக்குக் கட்டுப்பட்டு வருவதாக இவர் மூன்று பத்தி எழுதுவார். இப்படி ஆறு முறை போயிருக்கிறார். ஆறு முறையும் மரியாதையோடு அழைக்கப்பட்டிருக்கிறார். அலுவலகங்களில் "ஏய் பிரிண்டர் வந்தாச்சு" என்று கூப்பிடப்படும் மனிதருக்கு, உலகத்தில் அழைப்பு வரும் இடம் அது ஒன்றுதான்.

ஏழாவது முறைக்குக் காரணம் ஒரு பிரிட்ஜ். ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் தன் புது ஸ்பீக்கரைப் பிரிட்ஜின் தலையில் வைத்துப் படம் பிடித்துப் போட்டார். பிரிட்ஜின் அதிர்வு ஒலியை எப்படியெல்லாம் கெடுக்கும் என்று மௌனம் நாற்பது வரி எழுதினார். ஏஜென்ட் ஒரே வரி எழுதினார்: "பாட்டு கெட்டுப் போகக் கூடாதுன்னுதாண்ணே அங்க வச்சேன்." அறுபத்திரண்டு பேர் சிரித்த முகம் போட்டார்கள்.

சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு மௌனம் விடைபெற்றார். ஒன்பது பத்தி. படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது.

சோதனையாக, அதற்கு ஒரு நிமிடம் முன்னால் ஒரு தையல்காரம்மாள் குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். பழைய கேசட் ஒன்று. அதன் நாடா வெளியே வந்து, கசங்கிக் கிடந்தது. "கல்யாணத்தன்னிக்கு எங்க வீட்டுக்காரர் மைக்கப் பிடுங்கி பதினோரு நிமிஷம் பாடினாரு. இருபத்தாறு வருஷமா, நான் பாடவே இல்லன்னு சாதிக்கிறாரு. ஊர்ல யார் பாடினாலும் சுருதி சேரலங்கிறாரு. நாளைக்கு அவருக்கு ரிட்டயர்மென்ட் விருந்து. மொத்த பஸ் டிப்போவும் வருது. எல்லார் முன்னாடியும் போடணும். பிளேயர் மென்னுடுச்சு. என்ன பண்றது?"

இதைப் படித்த பிறகு யாருக்கு ஒன்பது பத்தி படிக்கப் பொறுமை இருக்கும்? விடைபெறல் மேலே மேலே போய்க் கண்ணுக்கு மறைந்தது. கீழே யோசனைகள் பொழிந்தன. பிரிட்ஜில் ஒரு மணி நேரம் வை என்றார் ஒருவர். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் துடை என்றாள் ஒருத்தி. தேங்காய் எண்ணெய் என்றார் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் சொல்கிறவர்.

மௌனம் நாற்காலியில் நெளிந்தார். "அறிவிருக்கா இவனுங்களுக்கு?"

"என்னங்க?" என்றாள் மனைவி, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே.

"ஒரு கேசட்ட கொலை பண்ணப் பாக்கறாங்க."

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் எப்படிச் சொல்றது? நான் போயிட்டேன்."

"எங்க போனீங்க? காலைலருந்து இந்த நாற்காலியவிட்டே எந்திரிக்கல."

அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று அவர் விட்டுவிட்டார். அழைக்காமல் திரும்பினால் ஆறு அழைப்புகளின் மதிப்பும் போய்விடும். கால் மணி நேரம் கழித்து அவருக்கு ஒரு வழி தோன்றியது.

"டாக்டருக்கு ஒரு போன் போடேன். நீயா கேக்கற மாதிரி. அவரு ரொம்ப வருத்தத்துல இருக்காரு, நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா வருவாருன்னு."

அவள் கத்தியை வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போன் போட்டாள். கிளினிக் பெண்தான் எடுத்தாள்.

"டாக்டர் ஒரு வேர் சிகிச்சைல இருக்காருங்க. உங்களுக்கு எந்தப் பல்லு?"

"பல்லு இல்லம்மா, எங்க வீட்டுக்காரர்..."

"அவருக்குப் பல்லே இல்லையா? அப்ப செட்டு கட்டணும். திங்கக்கிழமை வாங்க."

அவள் போனை வைத்தாள். "திங்கக்கிழமை வரச் சொன்னாங்க."

அப்போதுதான் குழுவில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வாயைத் திறந்தார். "அக்கா, கசங்கினத நேராக்க இஸ்திரிதான். மெல்லிசு சூட்டுல ஒரு இழுப்பு."

தையலக்காவின் பதில் உடனே வந்தது. "அட ஆமா! இது பாலியஸ்டர்தானே? பாலியஸ்டர் எனக்குத் தண்ணி பட்ட பாடு. இன்ச் டேப் வச்சு அளந்துட்டேன், பதினோரு இன்ச்தான் கசங்கல். பெட்டிய ஆன் பண்ணிட்டேன்."

மௌனத்துக்கு வியர்த்தது. அந்த நாடா இஸ்திரிப் பெட்டிக்கு முன் எப்படிச் சுருளும் என்பது அவருக்குத் தெரியும். பிரிண்டரின் சூடான உருளையில் சிக்கிய பிளாஸ்டிக் தாள்களைச் சுரண்டி எடுத்த கை அது. எழுத ஆரம்பித்தார். 'பொதுநலன் கருதி, எடுத்த முடிவைச் சற்றே ஒத்திவைத்து, ஒரேயொரு கருத்தை மட்டும்...' அழித்தார். 'விடைபெற்ற ஒருவன் மீண்டும் பேசுவது முறையல்ல எனினும்...' அதையும் அழித்தார்.

மனைவி பின்னால் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "நீங்க முன்னுரை எழுதி முடிக்கறதுக்குள்ள அந்தம்மா நாடாவக் கருக்கிடும்."

தையலக்கா: "சூடாயிருச்சு. வைக்கட்டுமா?"

அவர் முன்னுரையைக் கைவிட்டார். ஒரு நொடி கண்ணை மூடினார். எழுதினார்:

"வேணாம்."

பன்னிரண்டு வருடத்தில் அவர் எழுதியதிலேயே மிகச் சிறியது அதுதான். முற்றுப்புள்ளி வரை ஒழுங்காக வந்திருந்தது. பிறகு ஏஜென்ட், "போனவர் குரல் கேக்குதே!" என்றார். முப்பது பேர் சிரித்த முகம். மௌனத்தின் காதுமடல் சிவந்தது. ஆனால் தையலக்கா, "ஆஃப் பண்ணிட்டேண்ணே. வேற என்ன பண்ணட்டும்?" என்று கேட்டிருந்தாள். சிரித்த முகங்களுக்கு நடுவே அவர் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதினார்.

கேசட்டின் மூலைத் திருகுகளைக் கழற்றச் சொன்னார். கசங்கலை ஈரமில்லாத மெல்லிய துணிமேல் வைத்து விரலால் மட்டும் நீவச் சொன்னார். பென்சிலைச் சக்கரத்துக்குள் விட்டு, மூச்சுவிடுகிற வேகத்தில் சுற்றச் சொன்னார். பிளேயரின் ரப்பர் உருளையில் பிசுக்கு இருக்கும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால், பஞ்சு அழுக்காகாமல் வெள்ளையாகவே வருகிற வரை துடைக்கச் சொன்னார். "பதினோரு இன்ச்சுன்னா ஆறு செகண்டுக்கும் கொஞ்சம் கம்மி. அங்க மட்டும் கரகரக்கும். மீதி தப்பிக்கும்." எங்கேயும் பொன்மொழி இல்லை, வாழ்த்து இல்லை. இரண்டு மணி நேரம் இதே. தையல்காரியின் விரலாச்சே, நாடா நேராயிற்று.

மூன்றரை மணிக்கு அவள் பாட்டைப் பதிவு செய்து குழுவில் போட்டாள். பதினோரு நிமிடம். சுருதி ஒரு பக்கமும் பஸ் டிரைவரான அவள் கணவர் ஒரு பக்கமுமாக, எங்கேயும் நிறுத்தாமல் ஓடினார்கள். கரகரத்த ஆறு நொடியில்தான் உச்சஸ்தாயி வந்தது. கேட்கிற மாதிரி இருந்த இடம் அது ஒன்றுதான் என்று ஏஜென்ட் எழுதினார். மௌனம் முதல்முறையாக அவருக்கு ஒரு சிரித்த முகம் போட்டார். போட்ட பிறகுதான் உறைத்தது: இனி யாரும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை. உள்ளே இருப்பவனை எதற்குக் கூப்பிட வேண்டும்?

தட்டில் இருந்த சோறு ஆறிப் போயிருந்தது. நாலு வாய் சாப்பிட்டிருப்பார், போன் அடித்தது. பல் டாக்டர். கையுறையைக் கழற்றியவுடன் குழுவைத் திறந்து, காலையில் விட்ட இடமான பதினொன்றரையிலிருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறார். ஒன்பதாவது பத்தியைத் தாண்டிக் கீழே வரவில்லை.

"என்ன சார் நீங்க, இப்படி எழுதிட்டீங்க? நீங்க இல்லாம குரூப்பே டல்லா இருக்கு. வாங்க சார், தயவுசெஞ்சு."

மனைவி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு நாள் டயம் குடுங்க டாக்டர்," என்றார். "யோசிச்சுச் சொல்றேன்."