எட்டுப் பத்துக்குப் படித்தது யார்

துவாக்குடியில் இரும்பு வேலை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷம் தபால் கொடுத்தவள் நான். பெருக்குவது, துடைப்பது, டீ கொண்டுவந்து வைப்பது எல்லாமே என் வேலைதான். ஆனாலும் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், தபால் கொடுக்கிறேன் என்றுதான் சொல்வேன்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் தெரியாது. உறைமேல் இருக்கிற எழுத்தின் உருவத்தை வைத்து எது யாருக்கு என்று சொல்லிவிடுவேன். மேனேஜர் பெயர் நீளமாக வால் இழுத்துக்கொண்டு போகும். ஸ்டோர்ஸ்காரர் பெயருக்கு முன்னால் இரண்டு புள்ளி இருக்கும். அது போதும்.

தபால் நோட்டு என்று ஒன்று வைத்திருந்தோம். நீளமான நோட்டு, கெட்டி அட்டை, கட்டம் போட்ட தாள். தபால் யார் கைக்குப் போகிறதோ அவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டோர்ஸ்காரர் ஒரு கிறுக்குக் கிறுக்குவார். மேனேஜர் பேனா மூடியைக் கழற்றி, தேதியும் போட்டு, கீழே ஒரு கோடும் இழுப்பார். கையெழுத்து வாங்கின உடனே நான் போய்விட மாட்டேன். உறையைக் கிழிக்கிற சத்தம் காதில் விழ வேண்டும். "படிக்கிறேம்மா, நீங்க போங்க" என்பார் மேனேஜர். "கிழிச்சுடுங்க சார், போறேன்" என்பேன். அந்த உறைப் பசையின் வாசனையும் ஜன்னல் வழியாக வரும் லேத் மிஷின் சத்தமும் இப்போதும் நினைவில் இருக்கின்றன. என் கைக்கு வந்த ஒரு தபாலும் தவறியதில்லை. கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு தபால்காரர் வருவது குறைந்தது. எல்லாம் கம்ப்யூட்டரில் வர ஆரம்பித்தது. மேனேஜர், ஸ்டோர்ஸ்காரர், டைப் அடிக்கிற பெண், மூன்று பேருக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டருக்குள்ளே ஒரே தபால் பெட்டி. அந்தப் பெண் எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். இரண்டு பிள்ளைகள். ஆறு வருஷமாகத் தற்காலிக வேலைதான். அவள்தான் ஒரு நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இங்க பாருங்கக்கா. எழுத்து தடிமனா இருந்தா யாரும் இன்னும் தொறக்கலன்னு அர்த்தம். ஒருத்தர் தொறந்துட்டா மூணு பேருக்கும் மெலிசாயிடும்."

"தொறந்தது யாருன்னு காட்டுமா?"

"காட்டாது. பெட்டி தொறந்துச்சு, அவ்வளவுதான்."

"அப்ப கையெழுத்து?"

"அனுப்பினவங்க கேட்டிருந்தா, படிச்சாச்சுன்னு ஒண்ணு இங்கேருந்து போகும். அதுல ஆபீஸ் பேருதான் இருக்கும்."

"எல்லாருக்கும் சேத்து ஒரே கையெழுத்தா? நல்லா இருக்கு உங்க ஏற்பாடு" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

அந்த வருஷம்தான் அவளை நிரந்தரம் செய்யச் சொல்லி சென்னையில் இருக்கும் தலைமை ஆபீசுக்குக் காகிதம் போயிருந்தது. எப்போது வரும் எப்போது வரும் என்று எதிர்பார்த்திருந்தாள்.

அப்படி இருக்கையில் ஒரு வியாழக்கிழமை, சரக்கைச் சோதித்துப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். அடுத்த திங்கட்கிழமை வருவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். பாதிச் சரக்கில் பெயின்ட்கூடக் காயவில்லை. டீகூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார். சென்னையிலிருந்து போன் வந்தது. தேதி மாறியதைச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அனுப்பிவிட்டார்களாம். புதன்கிழமை காலை எட்டுப் பத்துக்கு இங்கே படித்தாகிவிட்டது என்று அவர்களுக்கு வந்தும் விட்டதாம். படித்துவிட்டுச் சும்மா இருந்தது யார் என்று கேட்டார்கள்.

பெட்டியைப் பார்த்துக்கொள்வது அந்தப் பெண்ணின் பொறுப்பு. மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"சார், நான் பாக்கவே இல்ல சார். நான் வந்து பாக்கறப்ப தடிமனா எதுவும் இல்ல. எட்டே முக்காலுக்குத்தான் பஸ்ஸே எறங்கினேன்."

ஸ்டோர்ஸ்காரர் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார். "போன்லயும் அந்தப் பெட்டி தொறக்குமே. பஸ்ல உக்காந்துகிட்டு எல்லாரும் அதத்தானே நோண்டிகிட்டு வரோம்."

"நான் மேல சொல்லாம இருக்க முடியாதும்மா" என்றார் மேனேஜர். "உன் பேப்பர் வேற அவங்ககிட்டதான் இருக்கு. நிறுத்தி வைங்கன்னு சொன்னா நான் என்ன பண்ண முடியும்?"

அன்றைக்கு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நான் தட்டில் வைத்துக் கொடுத்த தயிர்சாதமும் அப்படியே இருந்தது.

எட்டுப் பத்து என்று காதில் விழுந்தபோதே எனக்கு உறைத்துவிட்டது. ஆபீசைத் திறப்பது நான். எட்டு மணிக்குப் பூட்டைத் திறந்து, பெருக்கி முடித்து, முதலில் துடைப்பது அவள் மேஜையையும் கீபோர்டையும்தான். கம்ப்யூட்டரை அணைக்காமல், பெட்டியையும் மூடாமல் போவது அங்கே வழக்கம். புதன்கிழமை துடைக்கும்போது திரையில் சின்னதாக ஒரு கட்டம் வந்து போனதைப் பார்த்தேன். ஏதோ வருகிறது போகிறது என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வருகிற வரைக்கும் அதே யோசனை. சொன்னால் இத்தனை வருஷம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்ட பெருமை போய்விடும். சொல்லாவிட்டால் ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் முடிவு செய்தேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த மூடின டப்பா கண்முன்னே நின்றது. நானும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மேனேஜர் வந்து உட்கார்ந்ததும் போய் நின்றேன். ஸ்டோர்ஸ்காரரும் இருந்தார்.

"சார், எட்டு பத்துக்கு அதப் படிச்சது நான்தான்."

ஸ்டோர்ஸ்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இங்கிலீஷ் எப்பக்கா கத்துகிட்டீங்க? எங்களுக்கும் ரெண்டு வரி சொல்லிக் குடுங்களேன்."

மேனேஜர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு மேல எரக்கப்பட்டுச் சொல்றீங்க. உங்களுக்குப் படிக்க வராதே. படிச்சாச்சுன்னு எப்படிம்மா போகும்?"

"கீபோர்ட தொடைக்கறப்ப கட்டம் ஒண்ணு வந்து போச்சு சார். படிக்கத் தெரியுமான்னு அது என்னக் கேக்கல. எரக்கப்பட்டுப் பொய் சொல்ற ஆளும் நான் இல்ல. அவ்வளவு நல்ல மனசு எனக்குக் கெடையாது."

அப்புறம், சரி, துடைத்துக் காட்டுங்கள் என்றார். தன் கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பொதுப் பெட்டிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். படித்தால் பதில் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

நான் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு மேஜை முன்னால் நின்றேன். டைப் அடிக்கிற பெண், ஸ்டோர்ஸ்காரர், பட்டறையிலிருந்து இரண்டு பேர், எல்லோரும் சுற்றி நின்றார்கள். துடைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"சாமி படத்த தொடைக்கிற மாதிரி தொடைக்கிறீங்க. தெனமும் இப்படியா?" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எப்போதும் துடைக்கிற மாதிரி துடைத்தேன். வலது ஓரத்திலிருந்து ஆரம்பிப்பேன். கீபோர்டில் அங்கேயிருக்கும் பெரிய பொத்தானில் எல்லோர் விரல் அழுக்கும் படிந்திருக்கும், அதை ஒன்றுக்கு இரண்டு தரம் அழுத்தித் தேய்ப்பேன். அப்படியே இடது பக்கம் போய் மேல் மூலையில் முடிப்பேன். முதல் தேய்ப்பில் கடிதம் விரிந்தது. நடுவில் அந்தச் சின்னக் கட்டம் வந்தது, படித்ததாகப் பதில் அனுப்பலாமா என்று கேட்கிற கட்டம் அது என்றாள் அந்தப் பெண். இரண்டாவது தேய்ப்பில் கட்டம் போயிற்று. மேல் மூலைப் பொத்தானில் துணி பட்டதும் கடிதம் மூடிக்கொண்டது. எழுத்து மெலிந்துபோய், யாரோ எப்போதோ படித்து முடித்த மாதிரி இருந்தது.

மேனேஜர் தன் அறையிலிருந்து, "வந்துருச்சு" என்று குரல் கொடுத்தார். "படிச்சாச்சுன்னு வந்துருச்சு."

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்கக்கா, நேத்தே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள்.

சென்னைக்கு எழுத வேண்டும் என்றார் மேனேஜர். என் பெயரில் எழுதுங்கள், நான் சொல்கிறேன் என்றேன். நான் தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஷில் சொல்ல, அவள் அடித்தாள். அழுக்கு இருந்ததால் தேய்த்தேன், அந்தப் பெண் மேல் குற்றம் இல்லை, அவள் காகிதத்தை நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். கடைசியில் இன்னொன்றும் சொன்னேன். "நோட்டுல கையெழுத்து வாங்கின காலமா இருந்தா இது நடந்திருக்காதுன்னு போடுங்க."

"அது வேண்டாம்மா."

"அதான் சார் முக்கியம்."

ஸ்டோர்ஸ்காரர், "போடுங்க சார், இல்லன்னா நமக்கு இன்னிக்கு டீ கெடையாது" என்றார். போட்டார்கள்.

அனுப்பிய ஒரு மணி நேரத்துக்குள் படித்தாயிற்று என்று வந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது நாள் அப்படியே போயிற்று. தினமும் அவள் வந்து பையை வைக்கும் முன்னே பெட்டியைத் திறந்து பார்ப்பாள். நான் துடைப்பத்தைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் தலையாட்டுவாள், இல்லை என்று. எதிரில் ஒருவர் நின்று கிழிக்காமல் வைத்திருந்தால்கூடச் சண்டை போடலாம். எங்கேயோ இருக்கிற யாரோ படித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன செய்வது?

பத்தாம் நாள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயடிக்கு வந்தாள்.

"வந்துருச்சுக்கா. ஒண்ணாந்தேதிலேருந்து நிரந்தரம்."

"பேரு சரியா போட்டிருக்கானா? நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன்." சோப்பு நுரையோடு இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னப் பத்தி ஏதாவது எழுதியிருக்காங்களா?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. ஒரு வரிகூட இல்ல. தப்பிச்சீங்க."

தப்பித்தேன்தான். ஆனாலும் திட்டியாவது ஒரு வரி போட்டிருக்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. என் பெயரில் நான் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் அது ஒன்றுதான். அதைப் படித்தவர் யாரென்று எனக்குத் தெரியவே இல்லை.