நாலாம் நம்பர் போய்விட்டார்

நாலாம் நம்பர் இன்று காலை காலமானார். பதினொரு மணிக்கு அவர் மகள் போன் செய்தாள். "நாலாம் நம்பர் மக பேசுதேன் சார்... வாப்பா மௌத்தாயிட்டாங்க." மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கடையத்தில் அடக்கம்.

இப்போது மணி இரண்டு. சட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இரண்டு முறை ஆகிவிட்டது. அங்கே போனால் யாராவது "நீங்க யாரு, எப்படிப் பழக்கம்?" என்று கேட்பார்கள். என்ன சொல்வது?

உட்கார முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வரிசை போடாமல் எனக்கு எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. அவர் யார்.
2. குற்றாலத்தில் நடந்தது.
3. அவர் பெயரை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இனியும் சொல்லாமல் இருப்பதே சரி. அது ஏன்.

முதலாவது.

தென்காசியில் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நான், ஓய்வு பெறப்போகும் வயதில் பிஎச்.டி. செய்தேன். டயாலிசிஸ் எப்படிச் செய்வது என்பது பற்றி அல்ல. வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம், கையில் ஊசியோடு படுத்திருப்பவருக்கு அது எப்படி இருக்கிறது என்பது பற்றி.

பினாமினாலஜி என்பார்கள். ஆய்வு செய்பவன் தன் அபிப்பிராயங்களைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டும். எனக்கு அது எவ்வளவு தூரம் வந்தது என்று இன்றும் சந்தேகம்தான்.

எட்டுப் பேரிடம் பேசினேன். பெயர் வெளியே தெரியாது என்று எட்டுப் பேருக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான்காவது ஆள் இவர். சவூதியில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். ஊருக்குத் திரும்பிய பிறகு கிட்னி போய்விட்டது.

முதல் நாள் ரிக்கார்டரைப் பார்த்து, "இதுல என் பேரச் சொல்லணுமா சார்?" என்றார்.

"வேண்டாம். ஆராய்ச்சியில நீங்க நாலாம் நம்பர்."

"சரியாப்போச்சு. உள்ள ஆறாம் பெட்டு, வெளிய நாலாம் நம்பரா?"

அன்றிலிருந்து போன் செய்தால் "நாலாம் நம்பர் பேசுதேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர் சொன்னதில் ஒன்று அப்படியே நினைவிருக்கிறது. "நர்ஸம்மா 'ஆறு வந்தாச்சா'ன்னு கேக்குதா. நானும் 'ஆறு வந்தாச்சு'ங்கேன். ஒருநாள் பள்ளிவாசல்ல பின்னால இருந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க சார். நான் திரும்பியே பாக்கல."

இதை வைத்து, நோயில் பெயர் போய்விடுவது பற்றி ஓர் அத்தியாயமே எழுதினேன். என் கைடு ரொம்பப் பாராட்டியது அதைத்தான். அந்த மேற்கோளின் கீழும் பெயருக்குப் பதிலாக P4 என்றே போட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டாவது.

அந்த வருஷம் சீசன் நேரம். ஐந்தருவிக்கு மனைவியோடு போயிருந்தேன். அவர் தண்ணீர் படாத இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஊசி போடும் இடது கையில் துண்டைச் சுற்றியிருந்தார். பேரப்பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்துவிட்டார். அந்த இரைச்சலிலும், "சார்! ஏ சார்! நாலாம் நம்பரு!" என்று வலது கையைத் தூக்கிக்கொண்டே கிட்டே வந்தார்.

ஆய்வில் இருப்பவரை வெளியிடத்தில் காட்டிக்கொடுக்கக் கூடாது. விதி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உங்களத்தான கூப்பிடுதாவ? யாரு?" என்றாள் மனைவி.

"யாரோ... தெரியல."

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்கிறார். தூக்கிய கையை இறக்கி, இடது கைத் துண்டைச் சரிசெய்துகொண்டார். போய்விட்டார்.

அடுத்த பேட்டியில் விதியை விளக்கிச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்ல ரூல்ஸ்தான் சார். ஆஸ்பத்திரியில ஆறு, உங்ககிட்ட நாலு, குத்தாலத்துல யாரோ. புக்குலயாவது என் பேரப் போடுவியளா?"

"முடியாதுங்க."

"நானே சொல்லுதேன்லா, போடுங்கன்னு."

"நீங்க சொன்னாலும் ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்கிற கமிட்டி ஒத்துக்காது."

கமிட்டியிடம் நான் கேட்கவே இல்லை.

மூன்றாவது... இதை எழுத ஆரம்பிக்கும்போது வாட்ஸப் சத்தம். அவர் மகள். "வாப்பா பீரோவுல இருந்துச்சு சார், நீங்க குடுத்த புக்கு. பாருங்க."

நான் கொடுத்த ஆய்வேட்டின் பிரதிதான். ஆங்கிலத்தில் இருப்பது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. எழுத்தும் எண்ணும் மட்டும் தெரியும்.

P4 என்று இருக்கும் இடத்தில் எல்லாம் நீலப் பேனாவால் அடித்து, மேலே தமிழில் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவள் அனுப்பிய ஏழு படத்திலும் அப்படியே. சின்ன எழுத்தில் இருக்கும் அடிக்குறிப்பைக்கூட விடவில்லை.

அவளைக் கூப்பிட்டேன். "வாப்பா பேர நான் வெளியில எழுதலாமாம்மா?"

"அவங்களே எழுதிட்டாங்கல்லா சார். நீங்க இன்னும் எங்கிட்டக் கேக்குதிய?"

...

சட்டையை மாட்டிவிட்டேன். கடையம் பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஐந்தருவியில் கூப்பிட்டது யார் என்று மனைவியிடம் இப்போதுதான் சொன்னேன். அவளும் வருகிறாள்.

போய் வாருங்கள், ஐயா.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அழிக்கவில்லை, இருக்கட்டும். அவர் பெயர் காஜா மைதீன்.